எனக்கும் அப்படித்தான்

போலாரம்
19 ஜனவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

ரோஸ்லின் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். கோபம் இருக்கிறது, அதற்காக ஜெபத்தை நிறுத்தவில்லை.

நான்தான் முதலில் எழுத வேண்டும் என்று செல்லப்பா பாஸ்டர் சொல்லிவிட்டார். "போன்ல பேசினா சண்டை. நேர்ல பார்த்தா ரெண்டு பேரும் ஊமை. ஈஸ்டர் வரைக்கும் கடிதம் மட்டும் எழுதுங்க. அவங்களுக்குத் தெரிஞ்சதுதானேன்னு எதையும் விட்டுராதீங்கம்மா, முதல்லேருந்து எழுதுங்க" என்றார். மல்காஜ்கிரிக்கும் போலாரத்துக்கும் நடுவில் அரை மணி நேர ரயில். அந்தத் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டுகிற புருஷன் பெண்டாட்டி இந்த ஊரிலேயே நாம்தான் இருப்போம். தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டதற்குப் பள்ளிக்கூட வாட்ச்மேன் ராமசுவாமி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

விடுதிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டதால் பள்ளியிலேயே ஓர் அறை தந்திருக்கிறார்கள். பழைய பங்களாவின் பின்கட்டு. பகலில் உயிரியல் பாடம், சாயங்காலம் பிள்ளைகளின் தலைவலி, காய்ச்சல், அம்மா ஞாபகம். பொழுது போகிறது.

சரி, முதலிலிருந்து எழுதுகிறேன். கல்யாணமாகிப் பத்து வருஷம் காத்திருந்தோம். பிறகு சிகிச்சை. மூன்று முறை கருவை உள்ளே வைத்தார்கள், மூன்று முறையும் தங்கவில்லை. ஊசி போட்ட இடம் வலிக்கிறது என்று நான் சொன்னால் "எனக்கும் மனசு வலிக்குது ரோஸி" என்பீர்கள். தூக்கம் வரவில்லை என்றால் "எனக்கும் வரல" என்பீர்கள், சொல்லி முடித்த கையோடு குறட்டை விடுவீர்கள். அதையெல்லாம் நான் சிரித்துக் கடந்திருக்கிறேன். மூன்றாம் முறை ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்த அன்று, குழந்தைக்கென்று மஞ்சள் வண்ணம் அடித்து வைத்திருந்த அறையின் வாசலில் நின்று, "இனிமே இதுக்குள்ள என்னால போக முடியாது" என்றேன். "என்னாலயும் முடியாது" என்றீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பரில் டாக்டரைப் பார்க்க ஒன்றாகப் போகலாம் என்று குகட்பள்ளியில் நீங்கள் ஆங்கிலம் சொல்லித்தருகிற வகுப்புக்கே வந்தேன். தாழ்வாரத்தில் நின்றேன். உள்ளே நீங்கள் ஆங்கிலத்தில் கணீரென்று சொன்னீர்கள்: "ஐ காண்ட் கோ இன்டு தட் ரூம் எனிமோர்." ஹால் நிறைய இருந்த பிள்ளைகள் ஒரே குரலில், "நைதர் கேன் ஐ" என்றார்கள். அடுத்து, "ஐ க்ரைட் ஆல் டே." அவர்கள், "ஸோ டிட் ஐ." கடைசி பெஞ்சில் ஒரு பையன் பப்ஸ் தின்றுகொண்டே சொன்னான். அத்தனையும் என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள். என் அழுகையை நீங்கள் பாடமாக நடத்திக்கொண்டிருந்தீர்கள்.

அந்த வாரமே பெட்டியைக் கட்டினேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. "நீ சொன்னா சரி" என்று ஆட்டோ கூப்பிட்டு வந்தீர்கள்.

பதில் எழுதுங்கள். சீரகத் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.

உங்கள்
ரோஸ்லின்


மல்காஜ்கிரி
26 ஜனவரி 2025

என் அன்பு ரோஸிக்கு,

உன் கடிதம் வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டு சாவித்ரி ஆன்ட்டி ஏதோ சாவு ஓலை என்று பயந்து, "ஏமைந்தி பாபு", என்ன ஆயிற்று என்று கேட்டபடி ஓடி வந்தார். மனைவி எழுதியிருக்கிறாள் என்றேன். இன்னும் பயந்துவிட்டார்.

நீ எழுதியது அத்தனையும் சரி. ஒரு வரியைக்கூட என்னால் மறுக்க முடியாது. அந்த வகுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், சாக்காக எடுத்துக்கொள்ளாதே. ஒருவர் தன் அனுபவத்தைச் சொன்னால் "நானும் அப்படித்தான்" என்று ஆங்கிலத்தில் ஒத்துச் சொல்வது நம் பிள்ளைகளுக்கு லேசில் வராது. தெலுங்கில் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். "எனக்கு மாம்பழம் பிடிக்கும்" என்று எடுத்துக்காட்டு கொடுத்தால் தூங்கிவிடுகிறார்கள். உயிருள்ள வாக்கியம் வேண்டும். மெட்ரோவில் போகும்போது மனதில் எது ஓடுகிறதோ அதை எடுத்துக்கொள்வேன். அந்த நாட்களில் என் மனதில் உன் வார்த்தைகளைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை. உன்னை வாசலில் பார்த்தபோதுதான் அவை யாருடையவை என்றே உறைத்தது. ஹால் நிறையப் பேர் என்னோடு சேர்ந்து சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்த மாதிரி இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் செய்தது அசிங்கம். மன்னித்துக்கொள்.

எதிர்த்துப் பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். எங்கள் அப்பாவுக்கு எதற்கெடுத்தாலும் வேண்டாம்தான், இந்த ஊர் உருதுவில் "நக்கோ" என்பார். சாம்பாரா, நக்கோ. கோவிலுக்கா, நக்கோ. அம்மா பேச்சை நிறுத்திவிட்டு மல்காஜ்கிரி ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்திருப்பாள். நான்தான் போய்க் கூட்டி வருவேன். எனக்கென்று ஒருத்தி வந்தால் அவள் அந்தப் பெஞ்சில் உட்காரக் கூடாது என்று நினைத்தேன். நீ இப்போது போலாரத்தில் உட்கார்ந்திருக்கிறாய்.

ஒரு முக்கியமான செய்தி. கிளினிக்கிலிருந்து நஸ்ரின் சிஸ்டர் போன் செய்தார்கள். நமக்கென்று உறைய வைத்திருக்கிற அந்த ஒரே கருவுக்கு மார்ச் கடைசியோடு வருஷம் முடிகிறதாம். மறுபடி முயற்சி செய்யப் போகிறோமா, இல்லை விட்டுவிடலாமா என்று நாம் இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு மேல் கருமுட்டை எடுப்பதற்கு வழியில்லை என்று டாக்டர் முன்பே சொன்னது உனக்கு நினைவிருக்கும். நம்மிடம் மிச்சம் அந்த ஒன்றுதான்.

நீ என்ன நினைக்கிறாயோ எழுது. உன் எண்ணம்தான் என் எண்ணமும்.

உன்
டேவிட்சன்


போலாரம்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் முழுக்கத் தேன். கடைசி வரியில் வந்து வேப்பெண்ணெயை ஊற்றிவிட்டீர்கள். அதனால்தான் உடனே பதில் எழுதவில்லை.

உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்தபோது கண் கலங்கியது. பெஞ்சில் போய் உட்கார்ந்த அத்தைக்காவது எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். எனக்கு அதுவும் இல்லை. ஒரு கருவை வைப்பதா, இரண்டா என்று டாக்டர் கேட்டார். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். தத்து எடுக்கலாமே என்று என் அக்கா மரியபுஷ்பம் கேட்டாள். என் முகத்தைப் பார்த்தீர்கள். மூன்றாம் முறைக்குப் போகலாமா என்று நானே கேட்டேன். அப்போதும் என் முகத்தையே பார்த்தீர்கள். இந்த உடம்பைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. மார்க்கெட்டில் கீரை விற்கிற அம்மாவுக்குக்கூட இருந்தது. என் புருஷனுக்கு மட்டும் இல்லை.

நான் பள்ளத்தில் விழுந்தால் நீங்கள் கை கொடுத்துத் தூக்குவதில்லை. நீங்களும் குதித்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறீர்கள். பாசத்தினால்தான் செய்கிறீர்கள், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மேலே யாரும் இல்லாமல் போய்விடுகிறது அத்தான்.

அதனால் இந்த முறை நான் முதலில் சொல்லப் போவதில்லை. அந்த ஒன்றை என்ன செய்யலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். பாஸ்டரைக் கேட்கக் கூடாது, சாவித்ரி ஆன்ட்டியைக் கேட்கக் கூடாது, என்னையும் கேட்கக் கூடாது.

இங்கே விடுதியில் ஸ்வீட்டி என்று ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு அம்மை போட்டிருக்கிறது. அவள் அப்பா ராணுவத்தில் எங்கோ எல்லையில் இருக்கிறார். என் அறையிலேயே படுக்க வைத்திருக்கிறேன். வேப்பிலைக்குக் குறைவில்லாத ஊர்.

உங்கள்
ரோஸ்லின்


மல்காஜ்கிரி
16 பிப்ரவரி 2025

என் அன்பு ரோஸிக்கு,

அம்மை போட்ட பிள்ளையோடு ஒரே அறையில் இருக்கிறாயே, உனக்குச் சின்ன வயதில் வந்திருக்கிறதா? ஜாக்கிரதை.

இன்று ஆராதனையில் உன் இடத்தில் யாரோ புதுக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. மதுரைக்காரர்களாம், ஐடி வேலை. அவர்கள் பையன் பாட்டு முழுக்க என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான்.

வகுப்பில் ஒரு வேடிக்கை. நல்கொண்டாவிலிருந்து வந்த பையன் எழுந்து, "சார், யாராவது ஐ ஹேட் யூ என்று சொன்னால் ஸோ டூ ஐ என்றா சொல்ல வேண்டும்?" என்று கேட்டான். ஹால் முழுக்கச் சிரிப்பு. "அப்போது வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போ" என்றேன். இப்போது வீட்டு வாக்கியங்களை எடுப்பதில்லை. மாம்பழத்துக்கே திரும்பிவிட்டேன். பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

நீ கேட்டதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுதத் தெரியாமல் இல்லை. நான் வேண்டும் என்று எழுதி, உனக்கு அது வேண்டாமென்று இருந்தால்? மறுபடி அந்த ஊசி, அந்தப் படுக்கை, அந்தக் காத்திருப்பு எல்லாம் என் ஒரு வார்த்தையால் உன் மேல் விழும். வேண்டாம் என்று எழுதி, உனக்கு வேண்டுமென்று இருந்தால்? ஆயுசுக்கும் என்னை மன்னிக்க மாட்டாய். எந்தப் பக்கம் போனாலும் அடிபடப் போவது நீதான். அதனால்தான் பேனா ஓடவில்லை. பயமாக இருக்கிறது ரோஸி.

ஒரு சின்னக் கோடி காட்டு. அது போதும் எனக்கு.

சாவித்ரி ஆன்ட்டி கோங்குரா ஊறுகாய் கொடுத்தார். பாஸ்டர் வீட்டில் உனக்காக வைத்திருக்கிறேன்.

உன்
டேவிட்சன்


போலாரம்
2 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஊறுகாய் வந்தது. எண்ணெய் கொஞ்சம் தூக்கல், இருந்தாலும் தினமும் தொட்டுக்கொள்கிறேன்.

கோடி காட்ட மாட்டேன். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பயத்தோடே எழுதுங்கள். நானும் பயத்தோடுதான் மூன்று தடவை அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்தேன்.

பாஸ்டர் முன்னால் ஒரு வாக்கு கொடுத்திருக்கிறேன். நீங்கள் எதைச் சொன்னாலும் அதற்கு நான் கட்டுப்படுவேன். வேண்டும் என்றால் மறுபடி போய்ப் படுப்பேன், முணுமுணுக்க மாட்டேன். வேண்டாம் என்றால் கையெழுத்துப் போடுவேன். என் விருப்பம் என்னோடு இருக்கட்டும். எனக்கு எது பிடிக்கும் என்று தேடாதீர்கள். உங்களுக்கு என்ன வேண்டும், அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். இதையும் நீங்கள் சொல்லாவிட்டால், நமக்குள் இனி எழுதிக்கொள்வதற்கு எதுவும் இல்லை. மிரட்டுவதாக நினைக்க வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன்.

மற்றபடி இங்கே நலம். இடுப்பு வலி போய்விட்டது. வயிற்றில் ஊசித் தழும்புகள் மங்கிவிட்டன. நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன், டீச்சர்கள் எல்லோரும் பத்து வயது குறைந்துவிட்டது என்றார்கள். ஸ்வீட்டிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி விடுதிக்கு அனுப்பிவிட்டேன். போகும்போது என் தலையணையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அறை இப்போது பெரிதாகத் தெரிகிறது.

புதன்கிழமை லெந்து நோன்பு தொடங்குகிறது. இந்த வருஷம் எதை விடப் போகிறீர்கள்? டீயை விடுவதாகச் சொல்லிவிட்டு மூன்றாம் நாளே திருட்டுத்தனமாகக் குடிப்பீர்களே.

உங்கள்
ரோஸ்லின்


மல்காஜ்கிரி
12 மார்ச் 2025

அன்பு ரோஸ்லின்,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இனிமேல் சுற்றி வளைக்கவில்லை.

வேண்டாம்.

இது என் வார்த்தை. யாரையும் கேட்கவில்லை. நான் களைத்துவிட்டேன். அப்பாவாக வேண்டும் என்று எனக்குள் இருந்த ஆசை எப்போதோ வடிந்துவிட்டது. உன் முன்னால் சொல்லத்தான் தைரியம் இல்லை. குழந்தை இல்லாத வீடும் வீடுதான். உனக்கு வேறு எண்ணம் இருந்தாலும் என் முடிவு இதுதான், மாற்றிக்கொள்ள மாட்டேன்.

விட்டுவிடலாம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

டேவிட்சன்


போலாரம்
23 மார்ச் 2025

என் அன்பான அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வராந்தாவில் நின்றபடியே படித்தேன். "வேண்டாம்" என்ற இடம் வந்ததும் திரும்ப உறையைப் பார்த்தேன், வேறு யாருக்கோ வந்த கடிதமோ என்று. பதினான்கு வருஷத்தில் நீங்கள் என்னிடம் சொன்ன முதல் வேண்டாம் இது.

இப்போது சொல்லலாம் என்பதால் சொல்கிறேன். எனக்கு அந்த ஒன்று வேண்டும் என்றுதான் இருந்தது. ஸ்வீட்டி அந்த நாட்களில் சொறியாமல் இருக்க என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்குவாள். அவள் போன பிறகு அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. உடம்பும் தேறியிருந்தது. இன்னொரு தடவை தாங்கும் என்று தோன்றியது. நீங்கள் வேண்டும் என்றுதான் எழுதுவீர்கள் என்று நம்பி, ஜூனிலிருந்து விடுப்புக்குப் பிரின்சிபாலிடம் வாய்விட்டுக்கூட கேட்டுவைத்திருந்தேன். அவர் சரி என்று சொல்லியிருந்தார்.

ஒரு நாள் முழுக்க அழுதேன். மறுநாள் யோசித்தேன். எனக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் நீங்கள், அது உங்களுக்குக் கைவந்த கலை. அதைச் செய்யவில்லை. நான் உங்கள் மனதைக் கேட்டேன், நீங்கள் திறந்து காட்டினீர்கள். உள்ளே இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கொடுத்த வாக்கை மீற முடியுமா?

வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போனேன். உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். நஸ்ரின் சிஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ரோனா நக்கோ மா" என்று அழ வேண்டாமெனத் தேற்றினார்கள், அவர்கள் கண்ணிலும் தண்ணீர். ஒரு முறை பார்க்கலாமா என்று கேட்டேன். அந்த அறைக்குள் விடுவதில்லை என்றார்கள். பாடம் நடத்துகிறவள்தானே நான், பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் கேட்டேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று சிஸ்டர் வந்து சொல்லும் வரை வெளியில் நின்றிருந்தேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. வலி இருக்கிறது, அது வேறு. இத்தனை காலமும் அந்த வீட்டில் நான் ஒருத்தியே இரண்டு பேராக இருந்தேன். இப்போது அங்கே இன்னொரு ஆள் இருக்கிறார். எனக்கு வேண்டியதை வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆள். அவரோடு சண்டை போடலாம், சமாதானமாகலாம், கிழவன் கிழவியாக இருக்கலாம்.

ஈஸ்டருக்கு வருகிறேன். காலை ஆராதனைக்கு நேராக வந்து, முடிந்ததும் உங்களோடு வீட்டுக்கு வருகிறேன். மஞ்சள் அறையைப் பூட்டியே வைக்க வேண்டாம். உங்கள் புத்தகங்களை அங்கே அடுக்கலாம் என்று நினைக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு
ரோஸி


மல்காஜ்கிரி
27 மார்ச் 2025

ரோஸி,

உன் கடிதம் வந்த உடனே கிளினிக்குக்குப் போன் செய்தேன். முடிந்துவிட்டது அண்ணா என்றார்கள் நஸ்ரின் சிஸ்டர்.

இதை எழுதாமல் விட்டால் ஈஸ்டருக்கு நீ வருவாய். எனக்கு அது தெரியும். இரண்டு நாள் எழுதாமல் இருந்தும் பார்த்தேன். நீ வந்து, எனக்குச் சோறு போட்டு, அந்த வேண்டாம் என்று சொன்னவனை மரியாதையோடு பார்ப்பாய். அவன் அங்கே இல்லை ரோஸி. அவன் ஒரு நாளும் இருந்ததில்லை.

எனக்கு அந்த ஒன்று வேண்டும் என்றுதான் இருந்தது. ஆசை வடிந்துவிட்டது என்று எழுதியது பொய். கோவிலில் அந்தச் சின்னப் பையன் சட்டையை இழுத்தபோது, ஆராதனை முடியவே கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். தேடாதே என்று நீ எழுதியும் உன் கடிதத்தில் உன் விருப்பத்தைத்தான் தேடினேன். இடுப்பு வலி போய்விட்டது, தழும்பு மங்கிவிட்டது, பச்சைப் புடவை, நல்ல தூக்கம் என்று படித்ததும், இவள் தப்பித்துவிட்டாள், மறுபடி இழுக்கக் கூடாது, இவளுக்குப் போதும் என்று நானே முடிவு கட்டினேன். அறை பெரிதாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, அதைக்கூட நிம்மதி என்று படித்தேன். ஆனால் நீ என் சொந்த வார்த்தையைக் கேட்டிருந்தாய். அதனால் உன் வேண்டாம் என்று நான் நினைத்ததை எடுத்து, கொஞ்சம் கடுமை சேர்த்து, என்னுடையது போல எழுதினேன். மாற்றிக்கொள்ள மாட்டேன் என்ற வரியை எழுதும்போது ஒரு நல்ல காரியம் செய்கிற மாதிரிகூட இருந்தது.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நீ என்னை நம்பினாய். அந்தத் தடவையும் நான் உன்னைத்தான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் தப்பாக.

எனக்கு என்ன வேண்டும் என்று இப்போது சொல்கிறேன். நீ வர வேண்டும். கோபத்தோடு வா. அடி, திட்டு. நான் பொறுத்துக்கொள்கிறேன் என்று எழுத வந்தேன், அதுவும் பழைய நான்தான். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வா.

டேவிட்சன்


போலாரம்
13 ஏப்ரல் 2025
குருத்தோலை ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பாஸ்டரிடம் காட்டவில்லை. காட்டினால் அவர் பேசி நம்மைச் சேர்த்து வைக்கப் பார்ப்பார், எனக்கு அதற்குத் தெம்பு இல்லை.

உண்மையை எழுதியது நல்லது. மறைத்திருந்தால் நான் வந்திருப்பேன், சந்தோஷமாகக்கூட இருந்திருப்பேன். அப்படி வாழ்ந்து முடித்திருக்கலாமே என்று ஒரு நாளைக்குத் தோன்றுகிறது, மறுநாள் தோன்றவில்லை. பொய் சொன்னதற்காக நான் கோபப்படவில்லை. என்னைத் தாங்க வேண்டும் என்றுதான் செய்தீர்கள். எப்போதும் அப்படித்தான் செய்வீர்கள். இனி எழுபது வயது வரை அப்படியே செய்வீர்கள். காபி வேண்டுமா என்று கேட்டால்கூட என் முகத்தைப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் இது உங்கள் வார்த்தையா, என் வார்த்தையா என்று நான் தோண்டிப் பார்க்க வேண்டும். என்னால் முடியாது.

நான் மட்டும் யோக்கியமா என்றும் கேட்டுப் பார்த்தேன். வேண்டும் என்று ஒரு வரி நான் எழுதியிருந்தால் நீங்கள் ஓடி வந்திருப்பீர்கள். உங்களுக்குப் பாடம் நடத்துகிறேன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு அந்த ஒன்று பலியாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், மனதார, ஒரே ஒன்றை ஆசைப்பட்டது அது மட்டும்தான். இருவருமாகக் கையெழுத்துப் போட்டு அதைத்தான் அனுப்பிவிட்டோம்.

ஈஸ்டருக்கு வரவில்லை. பிரின்சிபால் அடுத்த வருஷமும் விடுதியைப் பார்த்துக்கொள்ளக் கேட்டார், சரி என்றுவிட்டேன். என் துணிமணிகளை எடுக்க வெயில் குறைந்ததும் அக்காவை அனுப்புகிறேன். அவள் ஏதாவது கேட்டால் அவளுக்குப் பிடித்த பதிலைச் சொல்லாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கடையில் பிரியாணி வாங்கிக் காலத்தை ஓட்டாதீர்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். இங்கே நான் தினமும் அழுகிறேன். நீங்களும் அங்கே அழுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் எனக்கு எழுதி அனுப்பாதீர்கள்.

ரோஸ்லின்